பெர்ல் மொழியில் கடைச் சீட்டைப் பிரிப்போம்!



இணையக் கடையில் ஒரு சட்டையைத் தேர்ந்தெடுத்து, அளவும் நிறமும் குறித்து பட்டனை அழுத்துகிறோம். சர்வருக்குப் போய்ச் சேருவது நீளமான ஒரே வரிதான். அதைப் பிரிக்கும் முறையை, 1987-இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழியில் காண்போம்.

பொருள்=சட்டை&அளவு=40&நிறம்=கருப்பு+%26+வெள்ளை

(புரிவதற்காகத் தமிழில் தந்துள்ளேன். உண்மையில் தமிழ் எழுத்துகளும் % குறியீடுகளாகவே வரும்.)

இதில் & ஒரு விவரத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. = குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. + என்றால் இடைவெளி. %26 என்பது, மதிப்புக்குள்ளேயே வரும் & குறி.

செய்முறை:

1. ஸ்ப்ளிட் கட்டளையால் & உள்ள இடங்களில் வெட்டணும்.
2. ஒவ்வொரு துண்டையும் முதல் = குறியில் மட்டும் இரண்டாக்கணும்.
3. + குறிகளை இடைவெளியாக மாற்றணும்.
4. கடைசியாகத்தான் % குறியீடுகளை எழுத்தாக்கணும்.

நாலாவதை முதலில் செய்தால் என்ன ஆகும்? "கருப்பு & வெள்ளை" நடுவிலேயே வெட்டுப்பட்டு, வெறும் கருப்புச் சட்டைக்கு ஆர்டர் போய்விடும்!

இன்னொன்று. வாடிக்கையாளர் "பரிசுத்தாள்", "பெயர்த்தையல்" என இரண்டு கட்டங்களில் டிக் செய்தால், ஒரே பெயர் இருமுறை வரும். ஹேஷில் அப்படியே போட்டால் பின்னது முன்னதை அழித்துவிடும். ஆகவே பெயருக்கு ஒரு அர்ரே வைத்து, மதிப்புகளை அதில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவையும் செய்துதர லிங்கன் ஸ்டெயின் எழுதிய சி.ஜி.ஐ. மாட்யூல் உண்டு. 2015-இல் வந்த பெர்ல் 5.22 முதல் அது மொழியோடு சேர்ந்து வருவதில்லை. சிபானிலிருந்து தனியாக நிறுவணும்.

ஆனால் எந்த மாட்யூலும் நமக்காகச் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. சிலர் விலையையும் படிவத்திலேயே ஹிட்டன் ஃபீல்டாக வைத்துவிடுகிறார்கள். அது கண்ணுக்குத்தான் மறைவு. பக்கத்தைத் தன் கணினியில் சேமித்து, 450-ஐ 4 என்று திருத்தி அனுப்ப யாராலும் முடியும். புரோகிராம் அதை நம்பினால், நஷ்டம் கடைக்காரருக்கு.

மளிகைக் கடைக்கு நாம் கொடுக்கும் சீட்டில் பொருளும் அளவும்தான் எழுதுவோம். விலை போடுவது அண்ணாச்சி. அதேபோல, படிவத்திலிருந்து பொருள் எண், அளவு, நிறம், எண்ணிக்கை மட்டும் எடுங்கள். அந்த அளவும் நிறமும் நம் பட்டியலில் உள்ளனவா, எண்ணிக்கை முழு எண்ணா, ஒன்றுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விலையைச் சர்வரிலுள்ள பட்டியலிலிருந்தே எடுங்கள்.

பிரிப்பது பாதி வேலை, சரிபார்ப்பதே மீதி. லேபில் நீங்களும் எழுதிப் பாருங்கள்!