வளைந்த முதுகெலும்பு: ஆபரேஷன் தேவையா என்று முடிவெடுப்பது எப்படி?

எக்ஸ்-ரேயில் தன் முதுகெலும்பு பாம்புபோல் நெளிந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இப்படி முதுகெலும்பு வளையும் ஸ்கோலியோசிஸ் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்.

முதலில், வளைவு எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். பதின்பருவத்தில் வந்து கூடவே தங்கியதா, 50 வயதுக்குமேல் டிஸ்க்கும் மூட்டுகளும் தேய்ந்து புதிதாக வந்ததா? வளைவை அளக்கும் காப் கோணம் 10 டிகிரியாவது இருந்தால்தான் அது ஸ்கோலியோசிஸ். வளர்ச்சி நின்றபோது 30 டிகிரிக்குள் இருந்த வளைவு பெரும்பாலும் அதிகம் மாறாது. 50-ஐத் தாண்டிய மார்புப் பகுதி வளைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி கூடலாம். பழைய எக்ஸ்-ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். வளைவு கூடுகிறதா என்பதை அவைதான் காட்டும்.

அடுத்து, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். வலி முதுகிலா, காலிலா? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? நடந்தால் கால் மரத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ தணிகிறதா? அப்படியானால் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். கோணத்தைவிட இந்த நோட்டுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பெரிய வளைவோடு வலியில்லாமல் வாழ்பவர்கள் உண்டு. சிறிய வளைவிலும் உடல் முன்பக்கம் சாய்ந்துவிட்டால் நிற்பதே பாடாகிவிடும்.

மூன்றாவது, ஆபரேஷன் இல்லாத சிகிச்சையைச் சில மாதங்களாவது ஒழுங்காகச் செய்து பாருங்கள். வயிறு, முதுகுத் தசைகளுக்கான பிசியோதெரபி, நடை, வலி மாத்திரை, தேவைப்பட்டால் நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி. இவை வளைவை நிமிர்த்தாது. பெல்ட்டும் நிமிர்த்தாது, நாள் முழுக்கப் போட்டால் தசை தளரும். வலியைக் குறைத்து நடமாட வைப்பதுதான் இவற்றின் வேலை. பலருக்கு அதுவே போதும்.

போதவில்லை என்றால்தான் ஆபரேஷன் பேச்சு. நரம்பை விடுவிக்க மட்டும் செய்வது சிறியது. ஸ்க்ரூவும் ராடும் வைத்துப் பல எலும்புகளை ஒன்றாக இணைப்பது பெரியது. பல மணி நேரம் ஆகும், முழுதாகத் தேற 6 முதல் 12 மாதம் பிடிக்கும். வட அமெரிக்காவில் 40 முதல் 80 வயது வரையுள்ளவர்களிடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பு வளைவுக்கு ஆபரேஷனையும் ஆபரேஷன் இல்லாத சிகிச்சையையும் ஒப்பிட்டு, 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களிடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. காரணம், ஆபரேஷன் வேண்டாத பிரிவில் பாதிப்பேருக்கு மேல் இடையில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தனியே பார்த்தபோது, 2 ஆண்டு முடிவில் வலியும் நடமாட்டமும் அவர்களுக்கே மேம்பட்டிருந்தன. ஆனால் ராடு முறிவு, தொற்று, எலும்பு ஒட்டாமை, மறு ஆபரேஷன் ஆகியவை அபூர்வமல்ல. இடுப்பு வரை இணைத்தால் தரையில் சம்மணமிடுவதும் குந்தி உட்காருவதும் கடினமாகலாம். இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் புகைபிடிப்பதை விடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், டெக்சா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைப் பாருங்கள். பலமில்லாத எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது. இன்னொரு முதுகெலும்பு நிபுணரிடமும் காட்டுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கால் திடீரெனப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.