முழங்கால் வலியும் சத்து மாத்திரைகளும்



"முழங்காற்படியிட முடியவில்லை, இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?" என்று முதியோர் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்கள் காட்டும் டப்பாவில் பெரும்பாலும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் என்று எழுதியிருக்கும்.

மூட்டுத் தேய்வு நோயில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. அந்தக் குருத்தெலும்பிலே காணப்படும் பொருட்களை விழுங்கினால் வலி தீரும் என்பதே இம்மாத்திரைகளின் பின்னுள்ள நம்பிக்கை.

அமெரிக்காவில் முழங்கால் நோயாளர் 1,583 பேரிடம் 24 வாரங்கள் இதைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களிலேயே 100-க்கு 60 பேருக்கு வலி குறைந்தது. சத்து மாத்திரை உண்டவர்கள், மொத்தத்தில், அவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் பெறவில்லை. ஆகவே, அயலார் ஒருவருக்கு வலி குறைந்தது பொய்யல்ல. மாத்திரையால்தான் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

எச்சரிக்கையும் தேவை. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது; அவை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும், இயன்றவரை நடப்பதும் நன்மை தருமென்று உறுதியாய்ச் சொல்லலாம். பெற்றோருக்கு மாதந்தோறும் டப்பா வாங்கி அனுப்பும் பிள்ளைகளே, மாலையில் அவர்கள் கையைப் பிடித்துச் சற்று நடத்திச் செல்லுங்கள். அதுவே மேலான மருந்து.