நேஷனல் இன்சூரன்ஸ் போதாது என்று மறுத்துவிட்டார்களா? ஒரு மாதம் இருக்கிறது

பிரிட்டனில் வேலை இழந்து, நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்சுக்கு விண்ணப்பித்து, நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பு போதவில்லை என்று மறுப்புக் கடிதம் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. அரசுக் கணினியில் இருந்த எண்களை வைத்துப் போட்ட கணக்கு அது. எண் தவறு என்றால் முடிவும் மாறும்.

தொகை சின்னதுதான். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில், 25 வயது நிறைந்தவருக்கு வாரம் 92.05 பவுண்டு, அதற்குக் குறைந்தவருக்கு 72.90. அதிகபட்சம் 182 நாள் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 2,390 பவுண்டு. கணவன் அல்லது மனைவியின் சம்பளமோ வங்கியில் உள்ள சேமிப்போ இதைத் தடுக்காது. இது நீங்கள் கட்டிய காப்பீட்டுக்குப் பதிலாக வருவது, விசா விதிகள் சொல்லும் ‘பொது நிதி’யில் சேராது. உங்கள் விசா புதிய வேலைக்குப் போக அனுமதிக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைக் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

இனி கணக்கு. இரண்டு நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முழுமையாக முடிந்த கடைசி இரண்டு வரியாண்டுகளை எடுப்பார்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் குறைந்தது 26 வாரம், குறைந்தபட்ச வருமான வரம்புக்குக் குறையாத சம்பளத்தில் ஊழியராக நீங்கள் வேலை செய்திருக்க வேண்டும். இது முதலாவது. இரண்டு ஆண்டிலும் அந்த வரம்பைப் போல 50 மடங்கு வருமானத்துக்குப் பங்களிப்போ அதற்கு ஈடாகத் தரப்படும் கிரெடிட்டோ பதிவாகியிருக்க வேண்டும். இது இரண்டாவது. 2022 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் வரை வரம்பு வாரம் 123 பவுண்டு. ஆக, அந்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 6,150 பவுண்டு.

கடைசி இரண்டு ஆண்டு என்றதும் வேலை போவதற்கு முந்தைய 24 மாதம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். 2023 மே மாதம் பிரிட்டனுக்கு வந்து வேலையில் சேர்ந்த ஒருவருக்கு 2025 அக்டோபரில் வேலை போகிறது என்று வையுங்கள். இரண்டரை ஆண்டு இடைவிடாமல் கட்டியிருக்கிறார். ஆனால் 2025இல் விண்ணப்பித்தால் பார்ப்பது 2022-23, 2023-24 ஆகிய ஆண்டுகளை. முதல் ஆண்டு வெறுமை என்பதால் மறுப்பு வரும். அவரே 2026 ஜனவரி 4ஆம் தேதியோ அதற்குப் பிறகோ முதன்முறையாக விண்ணப்பித்தால் 2023-24, 2024-25 எடுக்கப்படும். இரண்டும் நிறைவாக இருக்கும்.

அதனால் இலையுதிர் காலத்தில் வேலை இழந்தவர் விண்ணப்பப் பொத்தானை அழுத்துமுன் தன் ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, 12 வாரத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் இரண்டையும் ஒரே தொடர்ச்சியாக இணைத்துப் பழைய ஆண்டுகளையே பார்க்க விதி இடம் தருகிறது. ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்கள், அடுத்த விண்ணப்பத்துக்கான தேதியை சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

ஆண்டுகள் சரியாகவே இருந்தும் மறுத்திருந்தால், வரித்துறையான எச்எம்ஆர்சியின் செயலியிலோ இணையக் கணக்கிலோ உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவைத் திறவுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆண்டுக்கு எதிரே ‘முழு ஆண்டு’ என்று இருந்தால் அது ஓய்வூதியக் கணக்குக்கு முழு ஆண்டு என்று மட்டுமே பொருள். சுயதொழில் செய்பவரின் இரண்டாம் வகுப்புப் பங்களிப்பு, பின்னாளில் விருப்பப்பட்டுக் கட்டும் மூன்றாம் வகுப்பு, சைல்ட் பெனிஃபிட்டாலும் யுனிவர்சல் கிரெடிட்டாலும் விழும் கிரெடிட் எல்லாம் ஓய்வூதியத்துக்கு உதவும். பொதுவாக இந்த அலவன்சுக்கு இவை உதவாது. இதற்கு வேண்டியது ஊழியருக்குரிய முதல் வகுப்பு. டாக்சி ஓட்டியோ பார்சல் கொடுத்தோ சுயதொழிலாகக் கணக்குக் காட்டியவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். பதிவில் உள்ள ஓட்டையை அடைத்தால் அலவன்ஸ் வரும் என்று நம்பி மூன்றாம் வகுப்புக்குப் பணம் கட்டிவிடவும் வேண்டாம்.

ஆண்டைத் தட்டி உள்ளே போனால் ஊழியராக எவ்வளவு கட்டினீர்கள் என்று தெரியும். அந்த எண்ணை, வரியாண்டு முடிவில் முதலாளி தரும் பி60 படிவத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி60 இல்லையென்றால் மார்ச் மாதப் பேஸ்லிப்பை எடுங்கள். அதில் அந்த ஆண்டின் மொத்தப் பிடித்தம் இருக்கும். பேஸ்லிப்பின் மேற்பகுதியில் உள்ள நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்: இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பணம் உங்கள் பெயரில் சேராமல் போகலாம். நம் பெயர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். வேலையிடத்தில் அதையே முதல் பெயராகப் பதிந்திருப்பார்கள். திருமணத்துக்குப் பின் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும். எண்ணும் தவறி பெயரும் புரண்டிருந்தால் பதிவு பொருந்துவது கடினம்.

இரண்டு இடத்தில் பகுதி நேரம் பார்த்தவர்களுக்கு ஒரு கசப்பான உண்மை. ஒவ்வொரு முதலாளியிடமும் சம்பளம் தனித்தனியாகவே அளக்கப்படும். கடையில் வாரம் 115, பெட்ரோல் நிலையத்தில் 115 என்று 230 பவுண்டு சம்பாதித்தாலும், இரண்டும் வரம்புக்குக் கீழே என்பதால் பதிவில் எதுவும் ஏறாது. இது பிழையல்ல, விதியே இப்படி. உழைப்பவரைத் தண்டிக்கும் விதி என்பது என் எண்ணம்.

மிகவும் கொடுமையானது, முதலாளி சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவது. 2013 முதல் ஒவ்வொரு சம்பள நாளிலோ அதற்கு முன்போ சம்பள விவரத்தை எச்எம்ஆர்சிக்கு அனுப்புவது முதலாளியின் கடமை. அனுப்பாவிட்டாலும் நீங்கள் காப்பாற்றப்படலாம். 2001ஆம் ஆண்டுப் பங்களிப்பு விதிகளின் 60ஆம் விதி, உங்கள் சம்மதமோ உடந்தையோ கவனக்குறைவோ இல்லாமல் முதலாளி கட்டத் தவறியிருந்தால், உதவித்தொகை விஷயத்தில் அதைக் கட்டியதாகவே கருதச் சொல்கிறது. இந்த விதி எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள். பேஸ்லிப், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு விவரம், வேலை ஒப்பந்தம், வேலையை விடும்போது தரும் பி45 ஆகியவற்றின் நகலை இணையுங்கள். கணக்கில் காட்டாமல் கையில் வாங்க நீங்களே ஒப்புக்கொண்ட சம்பளத்துக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

இப்போது இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். உதவித்தொகை தருவது வேலை, ஓய்வூதியத் துறையான டிடபிள்யூபி. பங்களிப்புக் கட்டப்பட்டதா என்று தீர்மானிப்பது எச்எம்ஆர்சி. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அதில் நாள் போகும். மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிடபிள்யூபியிடம் ‘மேண்டட்டரி ரீகன்சிடரேஷன்’ என்ற மறுபரிசீலனையைக் கேளுங்கள். எந்த ஆண்டு, என்ன குறை, ஏன் தவறு என்று மூன்று வரியில் எழுதினால் போதும். எச்எம்ஆர்சி பதிவைத் திருத்தும்வரை காத்திருக்காதீர்கள். திருத்தம் கேட்டிருக்கிறேன் என்றே எழுதி அனுப்புங்கள். மாதம் கடந்துவிட்டாலும் தக்க காரணத்தோடு கேட்கலாம். 13 மாதத்துக்கு மேல் முடியாது. மறுபரிசீலனையிலும் மறுத்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

எச்எம்ஆர்சியின் நேஷனல் இன்சூரன்ஸ் தொலைபேசி எண் 0300 200 3500. பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்பு அதையே கடிதமாகவும் அனுப்புங்கள். பதிவைத் திருத்த மறுத்தால் முறையான தீர்மானத்தை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் வரித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும்.

வீட்டுச் செலவு இதற்கெல்லாம் காத்திருக்காது. சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, விசாவில் பொது நிதித் தடை இல்லாவிட்டால், யுனிவர்சல் கிரெடிட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். முதல் பணம் வர ஐந்து வாரமாகும். முன்பணம் கேட்கலாம், பின்பு கழித்துக்கொள்வார்கள். அலவன்ஸ் வழக்கு வென்றால் அந்தத் தொகை யுனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கழிக்கப்படும்.