முகப்பருவா, வேறொன்றா?



"பரு போகவில்லை" என்று எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இதுவரை முகத்தில் என்னென்ன போட்டீர்கள்?" என்பதே. பருவைப்போல் தோன்றுவதெல்லாம் பரு அல்ல. தவறான மருந்து சிறு தொல்லையைப் பெருந்தொல்லையாக்கிவிடும். ஆகவே இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

1. உண்மையான முகப்பரு: வாலிப வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கும், அவற்றின் வாய் அடைபடும், அங்கே கிருமி பெருகிச் சீழ் வைக்கும். கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் கலந்திருப்பதே இதன் அடையாளம். நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பால் கழுவினால் போதும். கிள்ளவோ பிதுக்கவோ கூடாது, தழும்பு நிலைத்துவிடும். இலேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு களிம்பு நல்லது. (தலையணை உறையை வெளுக்கச் செய்யும், கவனம்!) குணம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரே வாரத்தில் மருந்தை மாற்றுவதால் பயனில்லை.

2. காளான் பரு: நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவான சிறு பொரிகள், நல்ல அரிப்பு, கரும்புள்ளி இராது. வியர்வையில் அதிகமாகும். பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இதைக் கூட்டவே செய்யும். காளானைக் கொல்லும் மருந்தே தேவை.

3. ரோசேசியா: பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், கன்னமும் மூக்கும் சிவந்து, அதன்மேல் பொரிகள் தோன்றும். இதிலும் கரும்புள்ளி இல்லை. வெயில், சூடான பானம், காரம் ஆகியவை சிலருக்கு இதைத் தூண்டும்.

4. களிம்பால் வரும் பரு: எங்களுக்கு மிகுந்த துக்கம் தருவது இதுவே. நிறம் கூடும் என்று நம்பி, பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் பூசுவார்கள். இந்தச் சுழலிலிருந்து மீள மருத்துவரின் துணை வேண்டும். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்தது. ஆயினும் அண்டை வீட்டாரின் டியூபைக் கேட்டு வாங்கிப் பூசுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

5. தொழுநோய்: அரிதானாலும் மறக்கக்கூடாதது. முகத்திலும் காது மடலிலும் வலியோ அரிப்போ இல்லாத முடிச்சுகள், புருவ முடி உதிர்தல், கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். உணர்ச்சியற்ற தேமல் இல்லாமலும் இந்நோய் இருக்கலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். முடிச்சுகள் தோன்றும் வகைக்கு 12 மாதம் மருந்துண்டால் குணமாகும். தொடக்கத்திலேயே வந்தால் ஊனத்தையும் தவிர்க்கலாம்.

கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களும் பருவுக்கான மாத்திரை எதையும் கேளாமல் உண்ணலாகாது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும்.

நினைவில் கொள்ள:
• கரும்புள்ளி இல்லையேல் அது பருதானா என்று சந்தேகியுங்கள்.
• பெயர் தெரியாத களிம்பை முகத்தில் பூசாதீர்கள்.
• மருத்துவரிடம் வரும்போது, பூசிய டியூபைக் கையோடு கொண்டுவாருங்கள்.

முகத்தைக் குறித்த வெட்கத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கும் பிள்ளைகள் உங்கள் சபையிலும் இருக்கலாம். இப்பாடத்தை வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் வாசித்துக்காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.