மண்ணிலிருந்து வடிக்கும் அத்தர்

வீரசோழன் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கோடைக்குப் பின் முதல் மழை கண்மாய்க் கரையில் விழும்போது எழும் மணத்தை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அம்மணத்தையே குப்பியில் அடைத்து விற்கும் ஊர், ஹர்ஷரின் தலைநகராயிருந்த கன்னோசி.

அங்கே களிமண்ணை வில்லைகளாகத் தட்டிச் சுட்டு, செப்பு அண்டாவில் நீருடன் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண் பூசி அடைக்கின்றனர். அடியில் விறகுத் தீ. ஆவி மூங்கில் குழாய் வழியே, தண்ணீரில் அமிழ்ந்த செப்புக் குடத்துக்குச் சென்று குளிர்கிறது. அதில் முன்னரே ஊற்றிய சந்தன எண்ணெய் மணத்தை வாங்கிக்கொள்ளும். நீரைப் பின்னர் வடித்துவிடுவர். குடத்தின் சூட்டைத் தொட்டே பதம் அறிகின்றனர். நம் ஆய்வகத்து வாலை வடித்தல்தான் இது, வெப்பமானிதான் இல்லை!

1964-இல் பேர், தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் இம்மணத்திற்குப் 'பெட்ரிகோர்' எனப் பெயரிட்டனர். வறட்சியில் மண்ணிலும் கல்லிலும் சேரும் எண்ணெய்ப் பொருளே ஈரம் பட்டதும் மணக்கிறது என்றனர். இத்தொழிலையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

சந்தன எண்ணெயின் விலை ஏறியதால் பலர் திரவ பாரபினுக்கு மாறிவிட்டனர். மலிவுதான், அதனை அத்தர் என்பது தகுமா என்பது என் ஐயம். நம் கண்மாய் வண்டலைச் சுட்டு ஒருமுறை வடித்துப் பார்க்க வேதியியல் மாணவர் எவரேனும் முன்வரலாம்.