பெயர் ஒத்தால் போதுமா?

அன்புள்ள தங்கைக்கு,

1600களில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஒருவரின் கொடிவழியைத் தேடித்தரும் வேலையை எடுத்திருக்கிறாய். அதே பெயரில் இங்கிலாந்துப் பதிவேடு ஒன்றில் ஆள் அகப்பட்டுவிட்டார், இனி மேலே ஏறிப்போவதுதான் பாக்கி என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. பெயரை மட்டும் வைத்து மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் இந்தத் துறை பேர்போனது.

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் கதையைப் படி. குளோஸ்டர்ஷயரின் வாட்டன்-அண்டர்-எட்ஜ் ஊர்க்காரர், முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஒரு நூலைப் பார்த்து இன்னொன்று எழுதியது. 1998இல்தான் கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர், ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி கிராமத்து ஆலயப் பதிவேட்டைக் காட்டி அந்தக் கதையை முடித்துவைத்தார். முதல் மனைவியின் பெயர் மேரி. 1613 மே மாதம் அடக்கம் செய்யப்பட்டவர்.

அங்கே சாட்சி சொன்னது தகப்பன் பெயர் மட்டுமல்ல, பிள்ளைகளின் பெயர்களும்தான். அந்தக் கப்பலில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தின் ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதிவைத்த பயணிகள் பட்டியலில், ஹாப்கின்ஸின் முந்தைய மனைவிக்குப் பிறந்தவர்களாக கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் இருவரும் வருகிறார்கள். ஹர்ஸ்லியில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மகள் கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே 11இல் ஞானஸ்நானம். மகன் கைல்ஸுக்கு 1607 ஜனவரி 30.

எட்டே மாதத்தில் அடுத்த பிள்ளையா என்று கேட்டு, சரியான குடும்பத்தையே நீ தள்ளிவிடக்கூடும்! அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1752இல்தான் ஜனவரி 1க்கு மாறியது. ஆகவே கைல்ஸின் ஜனவரி நம் கணக்கில் 1608. இடைவெளி இருபது மாதம்.

அச்சான வம்சாவளிகளை நம்பிவிடாதே, தோல் அட்டை போட்டிருந்தாலும் சரி. குஸ்தாவ் அன்ஜூ என்றொரு பேர்வழி, பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு உண்மைப் பதிவுகளோடு கற்பனையைக் கலந்து வம்சாவளி விற்றே பிழைத்தான். அவன் சரக்கு இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் கடலுக்கு இந்தப்பக்கம், அமெரிக்காவிலேயே தொடங்கு. உன் ஆளின் உயில், நிலப்பத்திரம், அக்கம்பக்கத்தார், மனைவி மக்கள் பெயர் எல்லாவற்றையும் திரட்டு. பிறகு இங்கிலாந்துப் பதிவேட்டில் அகப்பட்டவரோடு ஒப்பிடு. அந்த ஊரிலேயே அவருடைய மரணப் பதிவும் இருக்கிறதா என்று கட்டாயம் பார். இங்கிலாந்திலேயே செத்துப் புதைந்தவரை மாசசூசெட்ஸில் குடியமர்த்திய வம்சாவளிகள் எத்தனையோ!

எதுவும் பொருந்தாவிட்டால் ‘பூர்வீகம் இங்கிலாந்து, ஊர் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அவர்கள் கூலியைக் குறைத்தால் குறைக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்