அனிமல் கிங்டமுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

ஃபுளோரிடாவில் ஆர்லண்டோ அருகே டிஸ்னி 1998இல் திறந்த அனிமல் கிங்டம், பாதி உயிரியல் பூங்கா, பாதி கேளிக்கைப் பூங்கா.

காலையில் கதவு திறந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு கிளிமஞ்சாரோ சஃபாரிக்குப் போங்கள். திறந்த லாரியில் சுமார் 20 நிமிடம். வெயில் ஏறிவிட்டால் சிங்கம் நிழல் தேடிப் படுத்துவிடும். பிள்ளைக்கு வால் தெரிந்தாலே அதிகம். வண்டி நன்றாகக் குலுங்கும், கைபேசி பத்திரம்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரயிலுக்கு 112 செ.மீ., காளி ரிவர் ரேபிட்ஸ் படகுக்கு 97 செ.மீ. வேண்டும். வரிசையில் நிற்கவைத்த பிறகு 'நீ சின்னப் பிள்ளை' என்றால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? பெற்றோர் மாறி மாறி ஏற 'ரைடர் ஸ்விட்ச்' என்ற வசதி உண்டு. நுழைவிலேயே ஊழியரிடம் சொல்லிவிட்டால், இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டாம்.

காளி படகில் தொப்பலாக நனைவீர்கள். மாற்றுத் துணி அவசியம். (அந்தப் பெயரை வைத்தவர்களைப் பாட்டி மன்னிப்பாரா என்பது வேறு விஷயம்.)

விலங்குகளின் பாதுகாப்புக்காக உள்ளே பலூனுக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கும் இடமில்லை.

சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. சூடாக்கித் தரமாட்டார்கள், ஆகவே புளியோதரையே உத்தமம்.

கோடைப் பிற்பகல்களில் அடிக்கடி இடிமழை வரும், வெளிப்புற சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். கூரையுள்ள அரங்கில் நடக்கும் லயன் கிங் நிகழ்ச்சியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.